கருணாபுரம், ஜூன் 2024: மெத்தனால் கொடுத்த அவகாசம்

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே, காவல் நிலையத்திலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது கருணாபுரம். அங்கே பாக்கெட் சாராயம் விற்பது ஊரறிந்த விஷயம். பாக்கெட் 50, 60 ரூபாய். டாஸ்மாக் குவார்ட்டருக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். கடை திறப்பதும் பகல் 12 மணிக்குத்தான். விடியலில் மூட்டை தூக்கவும் கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் கிளம்புகிறவர்களுக்கு எட்டுகிற சரக்கு பாக்கெட்தான். அன்றும் வாங்கினார்கள், குடித்தார்கள், படுத்தார்கள்.

இரவே சிலருக்கு வயிற்றுவலி, வாந்தி. 19ஆம் தேதி காலையில் சாவுச் செய்திகள் வரத் தொடங்கின. சாராயம்தான் காரணம் என்று ஊர் சொன்னது. மாவட்ட நிர்வாகம் முதலில் அதை மறுத்தது. வேறு உடல்நலக் காரணங்கள் சொல்லப்பட்டன. முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சரக்கை வாங்கிக் குடித்தார்கள் என்று அக்கம்பக்கத்தினர் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. மாலைக்குள் நிலைமை கைமீறிவிட்டது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பி வழிய, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அடுத்த சில நாட்களில் 200க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கு வந்தார்கள். 65க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி யார் விற்றார், யார் கண்டுகொள்ளவில்லை என்பது பற்றியது. அது எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் இதே நிகழ்வை மணிக்கணக்கில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சயனைடு நிமிடங்களில் கொல்லும். மெத்தனால் அப்படியில்லை. குடித்ததற்கும் உடல் சீர்குலைவதற்கும் நடுவில் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் இருக்கிறது. சிலருக்கு அதற்கும் மேல். விஷத்தோடு சேர்ந்தே வரும் இந்த அவகாசத்துக்குக் காரணம் அதன் வேதியியல். கருணாபுரத்தில் அந்த மணி நேரங்கள் எப்படிப் போயின என்பதுதான் என் கேள்வி.

ஒரு கார்பன் வித்தியாசம்

ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பம். கார்பன் சங்கிலியில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டிக்கொண்டால் அது ஆல்கஹால். சங்கிலியில் ஒரே கார்பன் இருந்தால் மெத்தனால், இரண்டு இருந்தால் எத்தனால். குடிக்கிற சரக்கில் இருப்பது எத்தனால். இரண்டுமே நிறமற்றவை, தண்ணீரில் எந்த அளவிலும் கலப்பவை, ஒரே கொள்ளளவில் எடையும் ஏறக்குறைய ஒன்றே. வாசனையிலும் நாக்கிலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் சுமார் 78 டிகிரியிலும் கொதிக்கும். கண்ணாடிக் குடுவையும் வெப்பமானியும் இருப்பவருக்கு அது வித்தியாசம்; பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறப்பவருக்கு ஒன்றுமில்லை.

பிறந்த இடம்தான் வேறு. எத்தனால் ஈஸ்ட் செய்வது. தமிழ்நாட்டு ஆலைகளில் கரும்பாலைக் கழிவான மொலாசஸைப் புளிக்க வைத்து எடுக்கிறார்கள். மெத்தனாலை ஒரு காலத்தில் மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி வடித்தார்கள். இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயு அல்லது நிலக்கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கச் செய்து, அவற்றை வினையூக்கியின் மேல் சேர்த்துச் செய்கிறார்கள். பெயின்ட் தின்னர், பிளைவுட் ஒட்டும் பசைக்கான ஃபார்மால்டிஹைடு, மருந்தாலைக் கரைப்பான், பயோடீசல் என்று அதற்கு ஆயிரம் வேலை. லாரி லாரியாகப் போகும் சாதாரணச் சரக்கு, விலையும் குறைவு. குடிக்கிற எத்தனாலுக்கு இருக்கும் வரிச்சுமை அதற்கு இல்லை. கலப்படக்காரரின் கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். சாராயம் காய்ச்சுபவர் முதல் சொட்டைச் சரியாகக் கொட்டாவிட்டால் மெத்தனால் வந்துவிடும், அதனால்தான் சாவு என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் போட்டு ஊறல் வைத்தால் ஈஸ்ட் கொடுப்பது எத்தனால்தான். மெத்தனால் வருவது பழங்களில் இருக்கும் பெக்டினிலிருந்து. பிளம் பழ பிராந்தி போன்றவற்றில் அது ஓரளவு இருக்கும். ஐரோப்பிய விதிகள் அதற்கு வரம்பும் வைத்திருக்கின்றன. வெல்ல ஊறலில் அது சொல்லும்படி இருக்காது. கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையில் தலைமுறைகளாகக் காய்ச்சிக் குடித்தவர்களுக்குக் கல்லீரல் கெட்டிருக்கும், குடும்பம் கெட்டிருக்கும்; ஆனால் ஒரே இரவில் ஒரு தெருவே சாகிற வேலையை அந்த ஊறல் செய்யாது. பேட்டரிக் கட்டை, யூரியா கதைகளும் இப்படித்தான். அவை உடம்புக்கு நல்லதில்லை, சரி. ஆனால் கண் போய், மூச்சு வாங்கி, டஜன் கணக்கில் மனிதர்கள் சாய்ந்தால் அங்கே தொழிற்சாலை மெத்தனால் வந்திருக்கிறது என்றுதான் பொருள். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குடித்தது காய்ச்சிய சாராயமே இல்லை, ஆலையிலிருந்து வந்த மெத்தனால் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் அறிக்கையே கொடுத்தார். கருணாபுரத்துக்கு அது 13 மாதம் முந்தையது.

கல்லீரல் செய்கிற தவறு

மெத்தனால் தன்னளவில் பெரிய விஷம் இல்லை. லேசான மயக்கம் தரும், அவ்வளவுதான்; போதையில் எத்தனாலைவிடவும் மட்டம். அதை விஷமாக்குவது நம் கல்லீரல்.

எத்தனாலை உடைக்க ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி கல்லீரலில் இருக்கிறது. நடுவில் ஒரு துத்தநாக அணுவை வைத்துக்கொண்டு, ஆல்கஹாலிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்குவது அதன் வேலை. எத்தனால் அசிட்டால்டிஹைடு ஆகும். அடுத்த நொதி அதை அசிட்டிக் அமிலமாக்கும், அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருள். உடல் அதை எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். மெத்தனால் வந்தாலும் அந்த நொதி அதே வேலையைச் செய்கிறது. கிடைப்பது ஃபார்மால்டிஹைடு, பிணவறையில் உடலைப் பதப்படுத்தப் பயன்படுத்துவது. ரத்தத்தில் அது ஓரிரு நிமிடங்களுக்கு மேல் தங்காது. அடுத்த நொதி உடனே அதை ஃபார்மிக் அமிலமாக்கிவிடும். கட்டெறும்பு கடித்தால் சுரீரென்று எரிகிறதே, அந்த அமிலம். சிக்கல் இங்கேதான். ஃபார்மிக் அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடாக்கி வெளியேற்ற ஃபோலேட் என்ற வைட்டமின் சார்ந்த வழி ஒன்று உண்டு. எலியின் கல்லீரலில் அந்த வழி அகலம், அதனால் எலி தப்பித்துவிடும். மனிதருக்கும் குரங்குக்கும் அது ஒற்றையடிப் பாதை. அமிலம் சேர்ந்துகொண்டே போகும். சரியாகச் சாப்பிடாமல் நாள்பட்டுக் குடிப்பவருக்கு ஃபோலேட்டும் குறைவாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் ஃபார்மேட் என்ற வடிவில் இப்படிச் சேரும் இந்த அமிலம், செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்று பெயர். சயனைடு பிடிக்கிற இடமும் அதுதான். நுரையீரல் வேலை செய்யும், ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. அதிக ஆற்றல் தேவைப்பட்டு, கையிருப்பு இல்லாத திசுக்கள் முதலில் விழும். விழித்திரையும் பார்வை நரம்பும் அப்படிப்பட்டவை. மூளையின் அடியாழத்தில் உடலசைவுகளைச் சீராக வைத்திருக்கும் புட்டாமென் என்ற பகுதியும் அப்படியே. பிழைத்தவர்களின் எம்ஆர்ஐ படத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அந்தப் பகுதி கருகிக் கிடப்பது இந்த விஷத்தின் கைரேகை மாதிரி.

ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாத செல்கள் லாக்டிக் அமிலத்தையும் கொட்டத் தொடங்கும். அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் அளவான ரத்தத்தின் பிஎச் 7.4லிருந்து கீழே இறங்கும். அமிலத்தை வெளியே தள்ள நோயாளி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் இளைப்பு என்று நினைப்பார்கள். ரத்தம் புளிக்கப் புளிக்க ஃபார்மிக் அமிலம் சவ்வுகளைக் கடந்து கண்ணுக்கும் மூளைக்கும் இன்னும் எளிதாக நுழையும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் அது. பிஎச் 7க்குக் கீழே போய், நினைவும் தப்பிய நிலையில் வருகிறவரைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து? தூய மெத்தனால் 10 மில்லிலிட்டரே கண்ணைப் பறித்த சம்பவங்கள் உண்டு. 30 மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கலாம். உதாரணத்துக்கு 20 சதவீதம் மெத்தனால் கலந்த சரக்கு என்றால் 150 மில்லிலிட்டரில் அந்த 30 வந்துவிடுகிறது.

அவகாசம் எங்கிருந்து வருகிறது

மேலே சொன்னதிலேயே பதில் இருக்கிறது. மெத்தனாலை நொதி மெதுவாகத்தான் மாற்றுகிறது. ஃபார்மேட் போதுமான அளவு சேர அரை நாளாவது ஆகும். அதுவரை குடித்தவருக்குச் சாதாரணப் போதை, அப்புறம் தூக்கம், காலையில் தலைவலி, குமட்டல், வயிற்றுவலி. தினமும் குடிக்கிறவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. "நேத்து கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸுக்கு மெத்தனாலைவிட எத்தனால் மேல் 10 முதல் 20 மடங்கு ஈர்ப்பு அதிகம். ரேஷன் கடை வரிசையில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் கடைக்காரர் அவரை முன்னால் கூப்பிடுவது போல, எத்தனால் இருக்கும்வரை நொதி மெத்தனாலைத் திரும்பிப் பார்க்காது. இரண்டையும் கலந்து குடித்தவருக்கு விஷம் தெரிய இன்னும் நேரமாகும். ஒரே பாக்கெட்டைப் பகிர்ந்தவர்களில் ஒருவர் காலையிலேயே விழ, இன்னொருவர் மறுநாள்வரை நன்றாக நடமாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க முடியும். நடமாடுபவரைப் பார்த்து, "அவனும்தானே குடித்தான்? சாராயத்தால் என்றால் அவனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?" என்று ஊர் கேட்கும். அதிகாரிகளும் கேட்கலாம்.

கருணாபுரத்தில் 19ஆம் தேதி காலையில் வந்த மறுப்பை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மறுப்பு பொய்யா, அவசரமா, பயமா என்பது விசாரணைக்கு உரியது. அதன் மருத்துவ விளைவு தெளிவானது. 18ஆம் தேதி இரவு குடித்தவர்களில் பலர் அந்தக் காலை நேரத்தில் அவகாசத்துக்குள்தான் இருந்தார்கள். அறிகுறி வராதவர்களையும் கூட்டிப் போய்ப் பரிசோதிக்கக் கூடிய நேரம் அது. சரக்கு இன்னும் விற்பனையில் இருந்தது. குடிப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரமும் அதுவே. "சாராயம் இல்லை" என்ற செய்தி இரண்டையும் ஒன்றாகத் தடுத்தது. சாராயம் குடித்ததை ஒப்புக்கொண்டால் போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து வீட்டிலேயே படுத்துக்கிடந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க, பிறகு வீடு வீடாக ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

மருத்துவமனையில்

மெத்தனால் நச்சுக்கு வைத்தியம் மூன்று முனையில் நடக்கும். முதலாவது, நொதியை அடைப்பது. இதற்கு மிகப் பழைய மருந்து எத்தனாலேதான். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 100 மில்லிகிராம் எத்தனால் இருக்கும்படி வைத்திருந்தால் மெத்தனால் மாறாமல் அப்படியே கிடக்கும். 2019 ஜனவரியில் வியட்நாமின் குவாங் ட்ரி மாகாண மருத்துவமனையில், மெத்தனால் குடித்து நினைவிழந்த ஒருவருக்கு மருத்துவர்கள் 15 கேன் பீரை மணிக்கணக்கு வைத்து ஏற்றிக் காப்பாற்றியது உலகமெங்கும் செய்தியானது. வேடிக்கையாகப் பேசப்பட்டாலும் அது பாடப்புத்தக வைத்தியம்தான். எத்தனாலின் தொல்லை என்னவென்றால், நோயாளிக்குப் போதை ஏறும், சர்க்கரை இறங்கும், அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும்.

ஃபோமெபிசோல் என்ற ஊசி மருந்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அதே நொதியை மிக வலுவாக அடைக்கும், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். அமெரிக்காவில் மெத்தனால் நச்சுக்கு 2000இல் அனுமதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. விலை அதிகம், இந்தியாவில் சுலபமாகக் கிடைப்பதும் இல்லை. கள்ளக்குறிச்சி நடந்த வாரத்தில் இந்த மருந்தின் கையிருப்பு அரசியல் சண்டையானது. பேச்சுவாக்கில் ஓமெப்ரசோல் என்ற வயிற்றுப்புண் மாத்திரையின் பெயர் உள்ளே புகுந்து, கோடிக்கணக்கில் கையிருப்பு இருக்கிறது என்ற பதில்வரை போனது. இரண்டு மருந்துக்கும் பெயரின் வாலைத் தவிர சம்பந்தமில்லை. ஃபோமெபிசோல் இல்லாததாலேயே கைவிரிக்க வேண்டியதில்லை, எத்தனாலை வைத்தே சமாளிக்கலாம் என்ற செய்திதான் அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போனது.

இரண்டாவது முனை அமிலம். சோடியம் பைகார்பனேட்டை நரம்பில் ஏற்றினால் பிஎச் ஏறும், ஃபார்மிக் அமிலம் கண்ணுக்குள் நுழைவதும் குறையும். கூடவே ஃபோலேட்டின் ஒரு வடிவமான ஃபோலினிக் அமிலம் கொடுத்தால் அந்த ஒற்றையடிப் பாதை சற்று அகலமாகும். மூன்றாவது, டயாலிசிஸ். நொதியை அடைத்துவிட்டால் மெத்தனால் வெளியேற வேறு வழி அதிகம் இல்லை. பாதி குறையவே இரண்டு நாள் போல ஆகும். டயாலிசிஸ் மெத்தனாலையும் ஃபார்மேட்டையும் சேர்த்தே வடித்துவிடும். ஆனால் ஒரே இரவில் 100 பேர் வந்தால் 100 டயாலிசிஸ் இயந்திரம் எந்த மாவட்ட மருத்துவமனையிலும் இருக்காது. சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் அனுப்பியது இதனால்தான். ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். கிளம்பும்போதே பைகார்பனேட்டும் எத்தனாலும் ஏறத் தொடங்கியிருந்தால் அந்தப் பயணம் வைத்தியத்தின் ஒரு பகுதி. இல்லாவிட்டால் நொதி வண்டியிலும் வேலை செய்துகொண்டிருக்கும்.

யாருக்கு முதலில் என்று எப்படி முடிவு செய்வது? மெத்தனாலை நேரடியாக அளக்க கேஸ் குரோமட்டோகிராஃபி வேண்டும். தடய அறிவியல் ஆய்வகத்தில் இருக்கும், அவசரப் பிரிவில் இருக்காது. கைவசம் இருப்பது பிஎச்சைக் காட்டும் தமனி ரத்த வாயுப் பரிசோதனை. ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் ஆஸ்மோலாலிட்டியை அளக்கும் கருவியும் இருந்தால் நல்லது. ரத்தத்தில் கரைந்திருக்க வேண்டிய சோடியம், சர்க்கரை, யூரியா ஆகியவற்றைக் கூட்டி ஒரு கணக்கு வரும். உண்மையில் அளந்தது அதைவிட மிகக் கூடுதலாக இருந்தால் கணக்கில் இல்லாத ஏதோ ஒன்று கரைந்திருக்கிறது. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் மெத்தனால் இருந்தால் அந்த இடைவெளி சுமார் 31 அலகு கூடும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: சீக்கிரம் வந்தவருக்கு ஆஸ்மோலாலிட்டி இடைவெளி அதிகமாகவும் பிஎச் இயல்பாகவும் இருக்கும். தாமதமாக வந்தவருக்கு மெத்தனால் எல்லாம் அமிலமாகிவிட்டதால் இடைவெளி குறைந்து, பிஎச் தரையில் கிடக்கும். எனவே பிஎச் நன்றாக இருக்கிறது என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், பிழைக்க அதிக வாய்ப்புள்ளவரையே திருப்பி அனுப்பியதாகிவிடும்.

செக் குடியரசு, 2012

ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பாவில் ஒரு நிகழ்வு இருக்கிறது. 2012 செப்டம்பர் தொடக்கத்தில் செக் குடியரசின் கிழக்கே, ஹாவிர்ஷோவ் நகரிலும் சுற்றிலும் மெத்தனால் சாவுகள் தொடங்கின. கார் கண்ணாடி கழுவும் திரவம் செய்வதாகச் சொல்லி வாங்கிய மெத்தனாலை எத்தனாலோடு கலந்து, பிரபலச் சரக்குகளின் லேபிள் ஒட்டி விற்றிருந்தார்கள். செப்டம்பர் 14 அன்று அந்நாட்டு அரசு 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எல்லா மதுவின் விற்பனையையும் நாடு முழுக்க நிறுத்தியது. கடை, ஓட்டல், பார் எதற்கும் விலக்கில்லை. எவ்வளவு வரி நட்டம் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நார்வேயிலிருந்து ஃபோமெபிசோல் வரவழைத்தார்கள். மெத்தனால் குடித்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் நோயாளிக்கு மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முன்பே எத்தனால் கொடுக்கலாம் என்ற அறிவுறுத்தலும் போனது. பின்னர் தலைநகர் பிராக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுகளில், வழியிலேயே எத்தனால் பெற்றவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். மருத்துவமனையில் எத்தனால் பெற்றவர்களுக்கும் ஃபோமெபிசோல் பெற்றவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அங்கேயும் சுமார் 40 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் மருத்துவமனைக்கே வந்து சேராதவர்கள். கலந்து விற்ற இருவருக்கு 2014இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. பணக்கார நாடு, நல்ல ஆம்புலன்ஸ், எல்லாம் சரி. ஆனால் விற்பனையை நிறுத்துவதற்கும் முதலுதவியாக எத்தனால் கொடுக்கச் சொல்வதற்கும் பணம் பெரிதாக வேண்டியதில்லை. ஒரு மாவட்ட ஆட்சியரின் உத்தரவும் ஒரு பக்கச் சுற்றறிக்கையும் போதும்.

அதற்காக எத்தனாலை நல்லவனாக்கிவிட வேண்டாம். அது அசிட்டால்டிஹைடாகும்போது மரபணுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. ஆல்கஹால் கலந்த பானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. டாஸ்மாக் பாட்டில் கொல்வதற்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்வதால் செய்தியாவதில்லை, அவ்வளவுதான். இந்தக் குடும்பத்தின் இன்னொரு பக்கத்து உறவான டைஎத்திலீன் கிளைக்கால் 2025இல் காஞ்சிபுரத்தில் தயாரான இருமல் மருந்தில் கலந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்றது. அதுவும் தொழிற்சாலைக் கரைப்பான்தான். அதற்கும் நொதியை அடைப்பதும் டயாலிசிஸும்தான் வைத்தியம்.

பின்னால் நடந்தவை

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. ஜூன் மாதக் கடைசியிலேயே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐக்கு மாற்றியது.

தண்டனை கூடியது நல்லதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பீப்பாயின் கணக்கு. மெத்தனால் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. ஆலை எவ்வளவு வாங்கியது, எவ்வளவு பயன்படுத்தியது, மீதம் எங்கே என்று ஏடு இருக்க வேண்டும். மரக்காணத்திலும் கருணாபுரத்திலும் சரக்கு மலையிலிருந்து இறங்கவில்லை. ஏதோ ஒரு ஏட்டில் காணாமல்போன பீப்பாயிலிருந்து பல கை மாறி வந்தது. மலையில் ஊறலைத் தேடிப் பானை உடைத்துப் படம் எடுத்து வெளியிடும் ரெய்டுகள் இந்த விஷத்தின் பாதையில் குறுக்கிடவே இல்லை. சொல்லப்போனால், ஊறல் கிடைக்காமல் போகும் இடத்தில்தான் மெத்தனால் பாக்கெட் நுழைகிறது.

பிழைத்தவர்கள் மீதி இருக்கிறார்கள். செக் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, வீட்டுக்குப் போகும்போது பார்வை தேறியிருந்த சிலருக்கும் விழித்திரை நரம்புப் படலம் பின்னாளில் மெலிந்துகொண்டே போனது தெரிந்தது. புட்டாமென் அடிபட்டவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ கைநடுக்கம், உடல் விறைப்பு, நடை தளர்ச்சி என்று பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகள் வரலாம். கூலி வேலைக்குப் போகும் ஒருவர் அதைக் குடியால் வந்த நடுக்கம் என்று நினைத்து விட்டுவிடுவார். பக்கத்தில் இருப்பவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். விழித்திரைப் படலத்தின் தடிமனை அளக்கும் ஓசிடி பரிசோதனையும், நரம்பியல் மருத்துவரிடம் ஒரு சோதனையும், ஒருமுறையாவது மூளை எம்ஆர்ஐயும் இவர்களுக்கு வேண்டும். முதல் இரண்டும் ஆண்டுக்கு ஒருமுறை. பஸ் மாறி மாறி ஏறி ஜிப்மருக்கு அவர்களை அலையவிடாமல், கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியிலேயே சிகிச்சைப் பதிவேட்டை வைத்து ஆள் அனுப்பிக் கூப்பிட முடியும். மருத்துவமனையில் சேர்ந்த எல்லோருடைய பெயரும் முகவரியும் அங்கே இருக்கிறது.